ஒன்பது ஆறு

"மேடம், இது ஆபீஸா, ஜெயிலா?"

கதவைக்கூட தட்டாம உள்ள நுழைஞ்சா பட்டாசு. காலேஜ்ல கடைசி வருஷம். கட்டட வேலைக்கு சாஃப்ட்வேர் செய்யற இந்தக் கம்பெனியில ஆறு மாசப் பயிற்சி. வந்த ரெண்டாம் நாளே மேனேஜரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதுல வந்த பேரு அது.

எச்.ஆர். மேடம் நிமிரவே இல்ல. "உக்காரும்மா."

"உக்கார வரல. எல்லாரும் பார்க்கிங் வெயில்ல, தலையில கட்டட வேலை ஹெல்மெட்டோட, நம்ம கம்பெனி ஆப்ல மூஞ்சியைக் காட்டித்தான் அட்டெண்டன்ஸ் போடணுமாம். யாரோட ஐடியா இது?"

"என்னோடதுதான்."

"எட்டு ஐம்பதுக்கே வந்துட்டேன் மேடம்! ஹெல்மெட் நிழல்ல மூஞ்சி தெரியலங்குது. வெயில்ல ஸ்கிரீன் தெரியல. நான் நான்தான்னு அது ஒத்துக்கறப்போ மணி ஒன்பது ஆறு. உடனே அரை நாள் கட்! இது மூணாவது தடவை. இன்னொண்ணு விழுந்தா பயிற்சி சர்ட்டிபிகேட் கிடையாது, டிகிரியும் கிடையாது. உங்களுக்கென்ன, ஏசியில உக்காந்து..."

"எனக்கும் ரெண்டு அரை நாள் போச்சு. எழுத்துல குடு."

"குடுக்கத்தான் வந்தேன்!"

நாலு பக்க மனு. கீழ இருபத்தெட்டு கையெழுத்து. மேசையில பட்டுன்னு வச்சா.

மேடம் நிதானமா படிச்சாங்க. "'ஆறு நிமிஷத்துக்கு அரை நாளை வெட்டறது பகல் கொள்ளை.' பலே! வாய் மாதிரியே பேனாவும்."

"பாராட்டு வேணாம். பதில் வேணும்."

மேடம் டிராயரைத் திறந்து ஒரு கட்டு பேப்பரை எடுத்துப் போட்டாங்க. "இங்க வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் கட்டட சைட்ல ஆள் கணக்கு எடுத்தவ நான். இன்னும் அங்கேருந்து எனக்கு போன் வரும். மேஸ்திரி, கம்பி கட்டறவங்க, சித்தாளுங்க... இந்த ஆப் மூஞ்சியை ஒத்துக்காம கூலி போகுதுன்னு அவங்க சொன்னதை எழுதி, ஆப் செய்யற உங்க டீமுக்கு மூணு தடவை அனுப்பினேன். 'அவங்களுக்கு போன் பிடிக்கத் தெரியல'ன்னு பதில் வந்துச்சு. உனக்குப் பிடிக்கத் தெரியும்ல?"

பட்டாசு அடங்கல. "அதுக்கு எங்களை எதுக்கு வெயில்ல நிறுத்தணும்?"

"அஞ்சு நிமிஷம் தாண்டினா அரை நாள் கட். ஆப்ல இதை எழுதினது யாரு?"

"நான்தான்! ஆனா அது சைட் ஆளுங்களுக்கு எழுதினது மேடம். நமக்கா எழுதினேன்..."

சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ காதுலயே அது விழுந்துடுச்சு.

மேடம் மனுவை அவ பக்கம் நகர்த்தி வச்சாங்க.

முதல் தடவையா பட்டாசு உக்காந்தா. பேனாவைத் திறந்தா. 'பெறுநர்'ங்கற இடத்துல மேடம் பேரை அடிச்சுட்டு, தன் பேரை எழுதினா.