வாரியத்துக்குப் பேர் வைத்த கதை

ஏரிக்கு வரும் வாய்க்காலைக் குப்பை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வற்றத் தொடங்கியதும், ஏரியைக் காப்பாற்ற ஒரு வாரியம் அமைத்தார்கள். கொக்கு தலைவர், ஆமை செயலாளர், தவளை உறுப்பினர்.

"குப்பையை அள்ளிடலாங்க தலைவரே, நாலு நாள் வேலைதான்," என்றது தவளை.

"பேரே இல்லாத வாரியம் எப்படிய்யா அள்ளும்? முதல்ல ஒரு நல்ல பேரா வைப்போம்," என்றது கொக்கு.

"ஏரிப் பாதுகாப்பு வாரியம்னு வைங்க."

ஆமை விரல்விட்டு எண்ணியது. "கூட்டினா எட்டு வருது. ஆகாது."

"சரி, நீர்வள வாரியம்?"

"கம்பீரமே இல்லையே!" என்றது கொக்கு.

கூட்டம் முடிந்தால் தலைவருக்குச் சிற்றுண்டி கெண்டை மீன். தண்ணீர் குறையக் குறைய, அதைப் பிடிப்பதும் சுலபமாகிவிட்டது. அதனால் கூட்டங்கள் அடிக்கடி நடந்தன. நாலாவது கூட்டத்துக்குப் பிறகு தவளை வரவில்லை; பக்கத்து ஊர்க் குளத்துக்குக் குடிபோய்விட்டது.

பதினோராவது கூட்டத்தில் பேர் முடிவானது: 'அனைத்துயிர் நீர்நிலைச் சுற்றுச்சூழல் மேம்பாட்டுப் பெருவாரியம்'. கூட்டுத்தொகையும் ராசியான ஐந்து.

எல்லாருக்கும் தெரியட்டும் என்று பெயர்ப்பலகையை நடு ஏரியிலேயே நட்டார்கள். ஆமைக்குக்கூடக் கால் நனையவில்லை.

"பிரமாதம்! சிற்றுண்டி எங்கய்யா?" என்றது கொக்கு.

ஆமை சுற்றிலும் பார்த்தது. வெடித்த மண்தான் கிடந்தது.