சைகோன் எலுமிச்சை

"அண்ணி, பழத்தை அறுக்காதீங்க. முழுசா அப்படியே குடுங்க. அந்த ஆளு இன்னா பண்றான்னு பாக்கலாம்" என்று திரைக்கு வெளியே நின்று கிசுகிசுத்தான் நூர்முகமது.

திரைக்கு உள்ளே ஹபீபா தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் ஏழெட்டுப் பழங்கள். நெல்லிக்காய் அளவு, ஆரஞ்சு நிறம். படித்தவர்கள் கும்குவாட் என்பார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அதற்குப் பெயர் சைகோன் எலுமிச்சை. ஊருக்கே ஒரே மரம்தான். அவள் புருஷன் அமீர், சைகோனிலிருந்து லீவில் வந்தபோது டப்பாவில் வைத்துக் கொண்டுவந்த செடி. கொல்லையில் அதற்குக் குழி வெட்டிய அன்றே அவன் திரும்பக் கப்பலுக்குப் போய்விட்டானாம். எட்டு வருஷமாக ஒரு கடிதாசு கூட இல்லை. அங்கே நடந்த சண்டையில் செத்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இன்று காலையில் செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்கினான். குண்டு விழுந்து வெந்ததாம், முகத்தில் பாதி அடையாளமே தெரியவில்லை. "நான்தான் அமீரு" என்று நேரே வாசலில் வந்து நின்றான்.

ஜமாத் தலைவர் கிஃபாயத்துல்லா பாயை நூர்முகமது கையோடு அழைத்து வந்துவிட்டான். அவர் சரி என்றால் வந்தவன் இன்றிலிருந்து இந்த வீட்டு மனுஷன். இல்லை என்றால் அடித்துத் துரத்துவார்கள். நூர்முகமதுவுக்குத் தோன்றிய பரீட்சைதான் இந்தப் பழம்.

பரீட்சை லேசுப்பட்டதில்லை. இந்தப் பழத்தில் இனிப்பு தோலில், புளிப்பு உள்ளே. தெரியாதவன் கமலா ஆரஞ்சு என்று நினைத்துத் தோலை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தின்பான். கிஃபாயத்துல்லா பாயே ஒரு தரம் அப்படித் தின்றுவிட்டு, ரெண்டு நாள் பல் கூசிக் கஞ்சி குடித்தவர்.

தட்டு வெளியே போனது. ஹபீபா திரை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

வந்தவன் ஒரு பழத்தை எடுத்தான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினான். மோந்து பார்த்தான். தோலோடு வாயில் போட்டு, அவசரமே இல்லாமல் மென்றான். கொட்டைகளைத் துப்பித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நூர்முகமதுவின் வாய் பிளந்தது. "கொட்டையை இன்னாத்துக்குப் பாக்கெட்ல போடற?"

"எப்பவும் போடறதுதான? சைகோன்ல சீனங்க புது வருசத்துக்கு ஒவ்வொரு கடை வாசல்லயும் தொட்டியில இந்த மரம் நிக்கும் நூரு. நெறைய காய்ச்சா யாவாரம் நல்லா நடக்கும்பாங்க. நானும் கொட்டை நட்டு நட்டுப் பாத்தேன். ஒண்ணுதான் பொழைச்சிது. அதைத்தான் இங்க கொண்டாந்தேன். எங்க கடையில பழத்தை உப்புல ஊறப் போட்டு வெயில்ல வெச்சிருப்பாங்க. இருமலுக்கு அதான் மருந்து."

"அங்க இருந்தவன் எவனும் இதைச் சொல்லுவான். இங்க இந்த மரத்தை நட்டது யாரு? அதைச் சொல்லு."

"குழி வெட்டனது நானு. செடி நட்டது ஹபீபா. அன்னிக்கி தர்காவுல கந்தூரி. நீங்கள்லாம் அங்க போயிருந்தீங்க."

நூர்முகமது உடைந்துபோனான். "அண்ணாத்த!" என்று பாய்ந்து கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "நாங்க திரும்பி வர்றதுக்குள்ள கப்பலுக்குக் கெளம்பிட்டியே! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

"சொல்றதுக்கு எங்க நேரம் இருந்துச்சி?" என்றான் அவன், திரையைப் பார்த்துக்கொண்டே.

"ஒடம்பு இன்னா இப்டி சில்லுனு கீது? உச்சி வெயில்ல வந்துகினு..."

கிஃபாயத்துல்லா பாய் தொண்டையைச் செருமினார். "நூரு, நீ சும்மா இரு. ஹபீபாம்மா! தம்பி சொன்னாப் போதாது, நீதான் சொல்லணும். இவரு உன் வூட்டுக்காரர்தானா? இல்லாட்டி இல்லைன்னு சொல்லு. பயப்படாத, நாங்க கீறோம்."

அமீர் முறித்த இடது மணிக்கட்டு இன்னும் நேராகவில்லை. ஹபீபா அதை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பரீட்சையே தேவைப்படவில்லை. வாசலில் வந்து நின்றபோதே தெரியும், இவன் அமீர் இல்லை. யாரோ எத்தன். சைகோனில் அமீரோடு பழகியவனாக இருப்பான், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருப்பான். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒழிந்துபோவான்.

ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அதைக் காட்ட வேண்டுமானால் கொல்லையில் அந்த மரத்தடியைத் தோண்டித்தான் காட்ட வேண்டும்.

"அவருதான்" என்றாள் ஹபீபா.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்தார் கிஃபாயத்துல்லா பாய். விஷயத்தை ஊருக்குச் சொல்ல அவர் கிளம்ப, நூர்முகமது கண்ணைத் துடைத்துக்கொண்டு கறி வாங்க ஓடினான். வீடு அமைதியானது. குழி வெட்டியது யார், செடி நட்டது யார், அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதையெல்லாம் சைகோனில் இருந்த ஒருவனுக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரை விலகியது. இன்னொரு பழத்தை உள்ளங்கைகளில் உருட்டிக்கொண்டே அவன் உள்ளே வந்தான். நகக்கண் பூராவும் ஈர மண்.

"மரம் நல்லாத்தான் காய்ச்சிருக்கு" என்றான் மெதுவாக. "ஆனா மண்ணைத் தள்ளி மூடறதுக்கு முந்தி என் கண்ணையாவது மூடிவுட்டிருக்கலாம், ஹபீபா."