அலீடாவின் கைகள்

"என்ன, இன்னிக்கும் வரலியா? உன்னோட போலீஸ் தொடர் ஆரம்பிச்சாச்சு."

சோபாவில் சாய்ந்தபடி ரீனஸ் குரல் கொடுத்தார். அலீடா சமையலறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நீயே பாரு. எனக்கு டிவின்னாலே வெறுத்துப்போச்சு."

"கல்யாணம் ஆனதிலிருந்து பாக்கறோம். இப்ப திடீர்னு என்ன வெறுப்பு?"

"பொழுதுபோக்க வேற வழியா இல்ல? ஆத்தங்கரைப் பக்கம் நடந்துட்டு வரலாம். இல்ல, சீட்டு எடு, ஒரு ஆட்டம் போடலாம்."

"இந்த மழையில நடையா? சீட்டு ஆடுறதுக்கு நான் என்ன முதியோர் இல்லத்துலயா இருக்கேன்?"

அலீடா திரும்பி நடந்துகொண்டே ஏதோ சொன்னாள். ரீனஸுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான், பாதி வார்த்தையை வாய்க்குள்ளேயே மென்றுவிடுகிறாள். மகளோடு போனில் பேசும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். காபி போடும்போது எப்போதும் ஏதாவது ஒரு பாட்டை முனகுவாள்; அதுவும் நின்றுவிட்டது.

இதெல்லாம் போதாதென்று செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிறாள். கேட்டால், "சும்மா, ஒரு மாறுதலுக்கு" என்கிறாள்.

ரீனஸ் செய்தித்தாள் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியே ஓய்வு பெற்றவர். கூடவே வேலை பார்த்த பாரண்ட் இப்போது கால்வாய்க் கரையில் அவரோடு தூண்டில் போடுகிற சிநேகிதன். அவனிடம்தான் மனதைத் திறந்தார்.

"பொண்டாட்டி டிவியை விட்டுட்டு செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வெளியே போறாளா? எவனாவது நல்லா டான்ஸ் ஆடுறவன் கிடைச்சிருப்பான்டா" என்று பாரண்ட் சிரித்தான். அவனுக்கு வெண்கலத் தொண்டை. எதிர்க்கரையில் நின்ற வாத்துகள் எழுந்து பறந்தன.

"விளையாடாதே. அப்படி இருந்தாக்கூடப் பரவாயில்லடா. அவ கையைப் பாத்தேன்."

"கைக்கு என்ன?"

ரீனஸ் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் மேசையில் பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது. தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து அலீடா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் விரல்கள் தாமாகவே மடங்கின, விரிந்தன, ஒன்றையொன்று தொட்டு விலகின. மணிக்கட்டு வெட்டி வெட்டித் திரும்பியது.

"கை என்ன பண்ணுது?" என்று கேட்டதும் சட்டென்று இரண்டு கைகளையும் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். "குளிருது" என்றாள்.

அவளுடைய அப்பாவுக்கும் நடுக்கம் விரலில்தான் ஆரம்பித்தது. பிறகு கை, பிறகு தலை. கடைசி வருடங்களில் அந்த மனிதருக்கு அலீடாதான் கரண்டியால் ஊட்டிவிட்டாள். "எனக்கு இது வந்தா யாருக்கும் பாரமா இருக்கமாட்டேன்" என்று அப்போது ஒருமுறை சொன்னாள். அந்த வார்த்தை இப்போது ரீனஸுக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலீடா கிளம்பியதும் அவரும் சைக்கிளை எடுத்தார். தூறலில், நல்ல இடைவெளி விட்டு, அவளுடைய சிவப்பு மழைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். ரயில் நிலையத்தைத் தாண்டி, பேட்டையின் சமூகக் கூடத்துக்கு முன்னால் அவள் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.

ரீனஸ் தாழ்வாரத்தில் அடிமேல் அடி வைத்து நடந்து, ஒரு கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

வட்டமாக நாற்காலிகள். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள். யார் வாயிலும் பேச்சில்லை. எல்லார் கைகளும் ஆடிக்கொண்டிருந்தன. ஒருவருக்கு விரல் நடுங்கியது, ஒருவருக்கு மணிக்கட்டு சுழன்றது. நடுவில் நின்ற இளம்பெண் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அலீடா மூன்று முறை முயன்றும் விரல் படியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள்.

நோயாளிகளுக்கான பயிற்சி. ரீனஸுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எதிர்ச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தனியாக எத்தனை வாரம் இதைச் சுமந்தாளோ. நடக்கக் கூப்பிட்டாள், சீட்டாடக் கூப்பிட்டாள். தெம்பு இருக்கும்போதே கூட இருக்கத்தானே கூப்பிட்டாள்? அவரோ டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தோளில் கை பட்டதும் திடுக்கிட்டார். அலீடா நின்றிருந்தாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரீனஸ் அவள் கைகள் இரண்டையும் பற்றிக்கொண்டார். "ஏன் எங்கிட்ட சொல்லல? உங்கப்பாவுக்கு வந்ததுதானே? நான் ஊட்டிவிட மாட்டேனா? உன்னைப் பாரம்னு நினைப்பேனா?"

அலீடா அவரை உற்றுப் பார்த்தாள். புரிந்ததும் அவள் கண் கலங்கியது. பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ரீனஸ். இது சைகை மொழி வகுப்பு."

"சைகை மொழியா? யாருக்கு?"

அலீடா அவர் காதுக்கு அருகில் குனிந்தாள்.

"நீ வைக்கிற டிவி சத்தம் தாங்காம பக்கத்து வீட்டுக்காரங்க சுவரைத் தட்டித் தட்டி அலுத்துட்டாங்க. டாக்டர்கிட்ட வான்னா, ஊரே முணுமுணுக்குதுன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றே. உன் காது மொத்தமா அடைபட்டுப் போனப்புறமும் நாம பேசிக்க ஒரு வழி வேணும்ல?"

அவள் ரகசியமாகத்தான் சொல்கிறாள் என்று ரீனஸ் நினைத்தார். தாழ்வாரத்தில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.