அவங்ககிட்ட மட்டும்தான்

திருச்சியில் ஒரு பரிசோதனை மையம். மேகலாவின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆலோசகர் ரோசரி சொன்னாள்.

"தினமும் மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம்ங்க. தொழில்ல ஆணுறை இல்லாம போயிருக்கீங்களா?"

"யாரா இருந்தாலும் உறை இல்லைன்னா எந்திரிச்சு வந்துடுவேன்." மேகலாவின் குரல் தணிந்தது. "வீட்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்ட மட்டும்தான் எதுவும் பார்த்ததில்லை."

தொழிலில் கண்டிப்பாக இருப்பவர்கள்கூட காதலனிடம் அப்படி இருப்பதில்லை என்பது ரோசரிக்குத் தெரியும்.

"அவரையும் கூட்டிட்டு வாங்க. டெஸ்ட் எடுக்கணும்."

"என்னாலதான்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாங்க. எனக்கு வேற யாருமில்லை."

"சொல்லலைன்னா அவருக்கு மருந்து கிடைக்காதேம்மா."

அழுதுகொண்டே போன மேகலா, மறுநாள் காலை வந்துவிட்டாள். கூடவே சற்று மூத்த பெண் ஒருத்தியும் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் வரலையா?" என்றாள் ரோசரி.

"இவங்கதாங்க. லின்சி அக்கா. திருவானைக்காவல்ல ஒரே ரூம்ல இருக்கோம், ஒண்ணாத்தான் தொழிலுக்குப் போறோம். போதை ஊசி போடுறப்போ ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதான்."

ரோசரி படிவத்தில் எழுதியிருந்த 'காதலன்' என்பதை அடித்தாள்.

லின்சி சேலைத் தலைப்பை விலக்கி, ஊசித் தழும்புகள் நிறைந்த கையை நீட்டினாள்.

"டெஸ்ட் எடுங்கம்மா. ஆனா யாருகிட்டயிருந்து யாருக்கு வந்துச்சுன்னு மட்டும் ஆராய வேணாம். நானாக்கூட இருக்கலாம். இந்தப் பைத்தியம் நேத்தெல்லாம் சாப்பிடவே இல்லை. மாத்திரையை வெறும் வயித்துல போடலாமா, அதை மொதல்ல சொல்லுங்க."