பூஞ்சணம் தொடாத இடம்

மாரி தொடங்கியதும் கொழும்புத்துறை வாடகை வீட்டின் முன்னறைச் சுவர் முழுவதும் பூஞ்சணம் படர்ந்தது. ஒரு படச்சட்டத்தின் அளவான இடத்தை மட்டும் அது தொடவில்லை. இரண்டு தரம் பெயின்ற் அடித்தும் அப்படியே திரும்பி வந்தது. குடியிருந்த கஜானியின் மூன்று வயது மகளுக்கு முட்டு இழுத்தது.

"அதிலை ஆரின்ரை படம் இருந்தது, அண்ணை?"

வீட்டுக்காரர் கேதீஸ்வரன் முகத்தைத் திருப்பினார். "செத்துப்போன என்ரை தமையன்ரை. வாடகைக்கு வாற சனம் பயப்பிடும் எண்டு கழட்டினனான். பூஞ்சணம் உங்கடை ஈரத்துணியாலை வந்தது."

"பிள்ளை மூச்சுவிடக் கஷ்டப்படுறாள். சுவரை உடைச்சுப் பூசித் தாங்கோ."

"ஏலாது. மாதம் முடிய வெளிக்கிடுங்கோ. நானே வந்து இருக்கப்போறன். எனக்கு உது ஒண்டும் செய்யாது."

வீட்டைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும் காலையில் கஜானி நந்தியாவட்டைச் சரம் ஒன்று கட்டினாள். படத்தில் இருந்தவர் முகம் தெரியாதவர்தான். ஆனாலும் ஒரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்.

"வெறுஞ்சுவருக்கோ பூ?" கேதீஸ்வரன் சிரித்தார்.

அவள் சுவரருகே போனாள். பழைய இடத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், இன்னோர் இடம் பூஞ்சணம் விலகி வெளுத்திருந்தது. நேற்று அது இல்லை.

கஜானி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சரத்தை இரண்டாக அறுத்தாள்.