முதல் போணி

குமாசிச் சந்தையில் காலை வெயில் புழுதிக்குள் பழுப்பாக இறங்குகிறது. வள்ளிக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால், முக்காலியில், கண்மூடி உட்கார்ந்திருக்கிறாள் மானான். மடியில் அலாரக் கடிகாரம். கடை திறக்குமுன் தினமும் கால் மணி நேரம் கர்த்தரோடு சும்மா இருப்பதாகச் சபையில் எல்லோர் முன்னாலும் கை தூக்கிவிட்டாள். நான்கு நாளும் கிழங்கு லாரியின் சத்தம் கேட்டுப் பாதியில் எழுந்துவிட்டாள். இன்று ஐந்தாம் நாள். அவரிடம் கேட்பதற்கு நீளமான பட்டியல் இருந்தும் உதடு அசையவில்லை. பெரிய கூடையோடு ஒருத்தி வந்து நிற்கிறாள். முதல் போணியைத் திருப்பி அனுப்பினால் அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டும் என்பது எங்கள் சந்தையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். "அக்கா, கிழங்கு என்ன விலை?" மானானின் இடது இமை துடிக்கிறது. எதிர்க்கடை டூஃபி சும்மா விடுவாளா? "அவ பரலோகத்துல பேரம் பேசிட்டிருக்கா, இப்ப முடியாது. நீ இங்க வா தாயி, நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்!" சுற்றுக் கடைகள் சிரிக்கின்றன. கூடைக்காரி நகர்கிறாள், ஆனால் மெதுவாக. பத்தடி நடந்தால் எந்தக் கடைக்காரியும் கூப்பிட்டுவிடுவாள் என்பது அவளுக்கும் தெரியும். ஒன்பதாவது அடியில் மானான் வாய் திறக்கிறாள். கூடைக்காரி நின்று திரும்பிப் பார்க்கிறாள். துணி முனையைக் கசக்கிக்கொண்டிருந்த மானானின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. "நீங்க போயிடாதீங்க, ஆண்டவரே," என்கிறாள், கண் திறக்காமல்.