உறுதி செய்தவர்

வைஷாலிக்குக் காளான் பைத்தியம். மழை விட்டதும் காட்டுப் பாதைக்குப் போவாள். கிடைத்ததைப் படமெடுத்து, பெயர் கண்டுபிடித்து, இயற்கை ஆர்வலர்களின் செயலியில் போடுவாள். இன்னொருவர் பார்த்து 'சரி' என்று அழுத்தினால்தான் அது பதிவாகும்.

அவளுடைய அறுபத்திரண்டு படங்களுக்கும் 'சரி' போட்டவர் ஒரே ஒருவர்தான். தங்கம், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. வேறு யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு தடவையாவது அவரோடு சேர்ந்து காட்டுக்குப் போகவேண்டும். அதைக் கேட்கத்தான் செயலியிலேயே செய்தி அனுப்பி அவரை வரச்சொல்லிவிட்டு, சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் காத்திருந்தாள்.

வந்தவரோ ஒரு முதியவர்.

"வைஷாலிதானே? நான் அழகப்பன். தங்கத்தோட வீட்டுக்காரர்."

"ஆண்டி வரலையா, அங்கிள்?"

"அவ தவறி ரெண்டு வருஷமாச்சும்மா."

வைஷாலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் சேர்ந்தே ஒரு வருஷம்தான் ஆகுது. அப்போ என் படத்துக்கெல்லாம்...?"

"நான்தான். அவ போனை அணைக்க மனசு வரல."

"உங்களுக்கும் காளான் பத்தித் தெரியுமா?"

"சூப்புல மிதந்தா தெரியும் லா."

அவள் சிரிக்கவில்லை. "எதுவும் தெரியாமலா எல்லாத்துக்கும் சரி போட்டீங்க? ஒண்ணாவது தப்புன்னு போட்டிருந்தா, நானே சந்தேகப்பட்டு மறுபடி பார்த்திருப்பேனே, அங்கிள்!"

அழகப்பன் தலை கவிழ்ந்தார்.

"அந்தப் போனுக்கு இப்ப வர்றது உன் படம் மட்டும்தாம்மா. தப்புன்னு சொன்னா, நீயும் நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."